ஆவுடையின் அளவு

மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நிற்பது பொய் சொல்வதாகுமா என்று இதுவரை என்னிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வாய் சொல்வது மட்டுமே பொய் என்று எண்ணிவிடாதீர்கள் பெண்களே என்று தொடங்கி, தையல் பயிற்சி நிலையத்தின் காலைப் பொழுதில் கால் மணி நேரம் பேசியிருப்பேன். இப்போது என் வயிறு முதுகை நோக்கி ஒடுங்கியிருக்கிறது. விலா மேலேறி நிற்கிறது. தோள்கள் எனக்குச் சொந்தமில்லாத ஒரு நிமிர்வில் பின்னுக்குப் போயிருக்கின்றன. செண்பகா என் மார்புக்குக் கீழே முதல் சுற்றைச் சுற்றுகிறாள். குழாய் ஒழுகினால் ஒட்டுவார்களே, அந்தச் சாம்பல் நிறத் துணி டேப். உருளையிலிருந்து பிரியும்போது கிர்ரென்று ஒரு சத்தம்; துணி கிழிவது போலவும் இருக்கிறது, பக்கத்து அறையில் யாரோ தொண்டையைச் செருமுவது போலவும் இருக்கிறது. உள்ளே அத்தானின் பழைய பனியன், அதன்மேல் டேப், அதன்மேல் இன்னொரு டேப், ஒன்றன் பாதியை மற்றொன்று மூடியபடி. வெளியே தென்காசி முழுவதும் ஆனிச் சாரல். ஈரத்தில் டேப் ஒட்டாமல் போய்விடும் என்று இவள் கதவைச் சாத்தியிருக்கிறாள். நானோ ஒட்டாமல் போனால் நல்லதென்று நினைக்கிறேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. ஒட்டட்டும். இவள் என் அக்காள் ஆவுடையின் மகள். பத்து மாதக் குழந்தையாக என் மடிக்கு வந்தவள், ஆவணியில் கல்யாணம் முடித்து ஓசூருக்குப் போகிறவள். போகும்போது என் உடம்பின் உருவம் ஒன்று வேண்டுமாம். நேற்றுக் காலை உப்புமாவைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் அளவெடுக்கச் சொல்லிக் குடுக்கிய, உங்க ஜாக்கெட் மட்டும் கையிடுக்கைப் புடிச்சு செவந்து கெடக்கு. டேப்பால ஒரு உருவம் செஞ்சு, பஞ்சடைச்சு, பழைய ஃபேன் கம்பத்துல மாட்டிக் கொண்டுபோயிருதேன். அங்க இருந்தே தைச்சு அனுப்புவேன். நீங்க எங்க வீட்டு ஜன்னலோரம் நிப்பிய." தலையில்லாமலா என்றேன். "தலை இருந்தா அங்கயும் கதை சொல்ல ஆரம்பிச்சிருவிய" என்றாள். சிரித்தேன். சிரித்துக்கொண்டே சரி என்றும் சொல்லிவிட்டேன். சரி என்ற சொல்லுக்கும் இப்படி நிற்பதற்கும் நடுவே ஓர் இரவு இருந்தது. அந்த இரவு முழுவதும் மெஷின் டிராயரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிராயரில் அளவு ஜாக்கெட் இருக்கிறது, எனக்குத் துணி வெட்டும்போதெல்லாம் நான் வைத்துப் பார்க்கும் மாதிரி. அரக்கு நிற டூ பை டூ துணி, வெளுத்து இப்போது செங்கல் நிறம். உருவம் செய்து முடித்ததும் அதைத்தான் எடுப்பாள். எடுக்காமல் இருக்கமாட்டாள், ஏனென்றால் சொல்லிக்கொடுத்தவள் நான். செய்த வேலையை நம்பாதீர்கள், ஏற்கெனவே பொருந்திய ஒன்றை அதன்மேல் வைத்துப் பாருங்கள் என்று எத்தனை காலைகளில் சொல்லியிருக்கிறேன். மாட்டிப் பார்ப்பாள். ஹூக்குகள் சேரவேண்டும். சேராது. அந்த ஜாக்கெட் என்னுடையதன்று. இதை இப்படி ஒரே வாக்கியமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்து எத்தனை வருடங்கள் ஆயின? சொன்னதே இல்லையோ? ஆவுடை காய்ச்சலில் போனபோது அவளுடைய சேலைகளையும் மற்றவற்றையும் மாமியார் மூட்டையாகக் கட்டி ஆற்றங்கரையில் கொடுத்துவிட்டார். ஒன்றும் மிஞ்சக்கூடாது, மிஞ்சினால் வருகிறவளுக்கு ஆகாது என்றார். அத்தானுக்கு இரண்டாந்தாரமாக வருகிறவள் நான். அவள் உயிரோடிருந்தபோது கடைத்தெருத் தையற்காரரிடம் அளவுக்கென்று கொடுத்த ஒன்று மட்டும் மூட்டைக்குள் அகப்படவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த நான்காம் மாதம் அவர் எதிர்ப்பட்டு, ஆவுடையம்மா துணி தைத்தது அப்படியே கிடக்கிறதே என்று புதிய ஜாக்கெட்டையும் பழைய அளவு ஜாக்கெட்டையும் சேர்த்து ஒரு செய்தித்தாளில் சுற்றித் தந்தார். இறந்துபோனவளுக்குத் தைத்த புதிய ஜாக்கெட். அதை நான் ஏன் அணிந்தேன்? இருபத்துமூன்று வயது, இரண்டே ஜாக்கெட்டுகள், துவைத்துப் போட்டது காயவில்லை, சாரல். இவை காரணங்கள்தாம். கையிடுக்கில் பிடித்தது, மூச்சை இழுத்தால்தான் கடைசி ஹூக் விழுந்தது. மூச்சை இழுத்துக்கொண்டே அத்தானுக்குச் சோறு பரிமாறினேன். நான்கு மாதங்களாகத் தட்டைப் பார்த்தே சாப்பிட்ட மனிதர் அன்று நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். மீண்டும் குனிந்துகொண்டார். அந்தப் பார்வை என்மேல் விழுந்ததா, ஜாக்கெட்டின்மேல் விழுந்ததா? அன்றிலிருந்து இன்றுவரை எனக்கென்று வெட்டிய ஒவ்வொரு துணியையும் அந்த அளவிலேயே வெட்டினேன். எனக்குச் சதை போட்டது, அளவுக்குப் போடவில்லை. பக்கத் தையலில் ஒரு நூல் அகலம் விட்டுக்கொண்டேன், மறுமுறை இன்னொரு நூல், அதற்குமேல் விடமாட்டேன். அந்தப் பார்வை திரும்பி வந்ததா என்று கேட்டால், தெரியவில்லை. பிறகு வேறு பார்வைகள் வந்தன. பல் வலியின்போது பார்த்த பார்வை, செண்பகா பத்தாம் வகுப்பில் தேறியபோது என்னைத் தேடிய பார்வை. அவையெல்லாம் என்னைத்தானே பார்த்தன? அல்லது அந்த ஒரு பார்வையின் மிச்சத்தில்தான் இத்தனை நாளும் ஓட்டிக்கொண்டிருக்கிறேனா? இதை யாரிடம் கேட்பது? அத்தானிடமா? 'அன்றைக்கு யாரைப் பார்த்தீர்கள்' என்றா?

"சித்தி, கைய இன்னும் கொஞ்சம் தூக்குங்க. ஆமா. பறக்கச் சொல்லல, தூக்கத்தான் சொன்னேன்." கை உயர்கிறது. இப்போது டேப் தோளிலிருந்து மார்பின் குறுக்கே இறங்கி, மறுபுறம் ஏறி, பெருக்கல் குறிபோல் என்னை அடைக்கிறது. இவளுடைய விரல்கள் ஒவ்வொரு பட்டையையும் நீவிவிடுகின்றன. இந்த விரல்களை நான் அறிவேன். பதினோரு வயதில் இவை ஊசியில் நூல் கோத்தன. நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன், இவள் காலடியில். நூலை எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அம்மாவோடது ஒண்ணுகூட இல்லியா சித்தி? ஒரு வளையல், ஒரு கர்சீப்?" என்று கேட்டாள். என் வலது முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி டிராயர். இல்லை என்றேன். கால் மிதியைவிட்டு நகரவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அந்த இல்லையின்மேல் ஒரு நீளத் தையல் விழுந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்? குழந்தை அழுவாள் என்றா? கொடுத்துவிட்டால் நான் எதை வைத்து வெட்டுவேன் என்றா? முதலாவது காரணத்தைத்தான் இத்தனை நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது காரணம் இப்போது, டேப்புக்குள் இருந்து, வேறு எவரோ சொல்வதுபோல் வருகிறது. பெண்களே, ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதை மறந்துபோகலாம் என்று எண்ணாதீர்கள்; அது நம் உடம்பில் எங்கேனும் ஓர் இடத்தில் இறுகிக்கொண்டேயிருக்கும். நன்றாயிருக்கிறது இந்த வாக்கியம். நாளைக் காலை சொல்லலாம். சொல்வேனா? சொல்லிவிட்டு, அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று எந்தப் பெண்ணாவது கேட்டால்? மாட்டார்கள். கேட்கக்கூடியவள் முத்துச்செல்வி ஒருத்திதான். போன மாதம் குடத்தின் கதையைக் கெடுத்தவள்.

குடத்தின் கதையை நான்தான் கட்டினேன், யாரிடமும் கேட்டதன்று. ஒருத்தி இறந்துபோனாள். அவளுடைய பித்தளைக் குடம் வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அண்டை வீட்டுக்காரி அதை எடுத்துத் தண்ணீர் சுமந்தாள். குடத்தில் ஒரு நெளிவு. முதலில் இடுப்பைக் குத்தியது. சுமக்கச் சுமக்க இடுப்பில் அந்த நெளிவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. பல வருடம் கழித்து இறந்தவளின் மகள் வந்து, இது யார் குடம் என்றாள். என்னுடையது, பார், என் இடுப்பிலேயே அச்சு இருக்கிறது என்றாள் இவள். இந்த இடத்தில் நிறுத்தி, ஒரு நீதி சொல்லவேண்டும். அன்று சொல்ல வரவில்லை. பதினெட்டு மெஷின்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. சுமந்தவளுக்குச் சொந்தமா, பிறந்தவளுக்குச் சொந்தமா? திருடினாளா, காப்பாற்றினாளா? எடுக்காமல் விட்டிருந்தால் குடம் தெருவில் போயிருக்குமே? எடுத்தது குற்றமா, எடுத்ததைச் சொல்லாதது குற்றமா? அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து முத்துச்செல்வி, "அதெல்லாம் கெடக்கட்டும் டீச்சர், அந்தப் பொண்ணு தாகத்தோடயா திரும்பிப் போச்சு, தண்ணி குடிச்சுதா இல்லையா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நூலைக் கோத்து உட்காரு என்றேன். அன்று முழுவதும் பாபினில் நூல் அறுந்துகொண்டேயிருந்தது. அந்த மகள் தண்ணீர் குடித்தாளா? கதையைக் கட்டிய எனக்கே தெரியவில்லை; குடத்தையும் இடுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர அவள் வாயைப் பார்க்கவில்லை.

டேப் இடுப்புக்கு வருகிறது. இதுதான் இடம். இங்கே இரண்டு விரற்கடை குறைந்துவிட்டால் ஹூக்குகள் சேர்ந்துவிடும். உருவம் ஆவுடையின் அளவில் நிற்கும். ஜாக்கெட் என்னுடையதாகவே இருந்துவிடும். ஆவணியில் இவள் மகிழ்ச்சியாகப் போவாள். ஆகவே மூச்சைப் பிடி. ஆனால் அப்படி நின்றால் ஓசூர் ஜன்னலோரம் நிற்கப்போவது யார்? இந்தக் குழந்தை தன் தாயென்று அறியாமலே தன் தாயின் உருவத்துக்கு எனக்கென்று துணி தைத்துக்கொண்டிருப்பாள். அது கொடுமையா, அல்லது ஒருவகையில் அவளுக்குத் தாயைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடுமா? பார், எப்படியெல்லாம் சுற்றிவருகிறேன். பொய்க்கு எத்தனை அழகாகப் பொட்டு வைக்கிறேன். காது அடைக்கிறது. ஆவுடை எப்படி நிற்பாள்? மார்பை நிமிர்த்தி, ஒரு கையை இடுப்பில் வைத்து. நீயும் அவளைப்போல் நிமிர்ந்து நில் என்று அம்மா சொல்லிக்கொண்டேயிருப்பாள். நிமிர்ந்துதானே நிற்கிறேன் அக்கா? நீ என்மேல் கோபமாக இருக்கிறாயா, அல்லது ஜாக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு... "சித்தி, எதுக்கு வயித்த எக்கிட்டு நிக்கிய? போலீஸ் வேலைக்கு ஆளெடுக்காங்களா இங்க?" எக்கவில்லையே என்று பல்லுக்குள் சொல்கிறேன். "மாப்பிள வீட்டுல நேத்து கேட்டாங்க, உங்க சித்தி என்ன வேலை பாக்காங்கன்னு. தையல் டீச்சர்னு அப்பா சொல்லணுமா இல்லையா? 'அவ பிரசங்கம் பண்ணுவா, நடுநடுவுல தையலும் தெரியும்'ங்காரு." சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றிலிருந்து வந்தது, வந்தபோது மூச்சும் இடுப்பும் இருபத்துநான்கு வருடமும் ஒன்றாக இறங்கின. கிர்ரென்று டேப் சுற்றி வந்தது, இன்னொன்று, இன்னொன்று. அடிப்பாவி. அளவெடுக்கும்போது எல்லாப் பெண்களும் மூச்சைப் பிடிப்பார்கள், கோபிக்காதீர்கள், ஊரைக் கேளுங்கள், பிள்ளைகளைக் கேளுங்கள், சிரிக்கவையுங்கள், விடும் மூச்சில் அளவைப் படியுங்கள். என் பாடம். என்னிடமே. மீண்டும் உள்ளிழுத்துப் பார்க்கிறேன். நான் மட்டும் சுருங்குகிறேன், டேப் நான் இருந்த இடத்திலேயே நிற்கிறது. எனக்கும் அதற்கும் நடுவே காற்று. என்னைவிட உண்மையான ஒன்று என்னைச் சுற்றி இறுகிவிட்டது.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன, அல்லது நான் மெதுவாகிவிட்டேன். முதுகுத்தண்டோடு கத்தரி ஏறியது. குளிர்ந்த இரும்பு பனியனுக்கு உள்ளே, இடுப்பிலிருந்து கழுத்துவரை. "அசையாதிய." அசையவில்லை. ஓடு பிளப்பதுபோல் என்னைக் கழற்றி எடுத்தாள். பனியனின் உட்புறம் ஈரமாயிருந்தது. சேலையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் சம்மணமிட்டு என் முதுகை இவள் ஒட்டுவதைப் பார்த்தேன். பழைய தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சைப் பிடிபிடியாக அடைத்தாள். அடியில் வட்டமாக ஓர் அட்டை. ஃபேன் கம்பம். நிமிர்த்தினாள். தோள் சற்றுச் சரிந்து, வயிறு முன்வந்து, இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, தெருவில் கண்டால் யாரோ அலுத்துப்போன பெண்பிள்ளை என்று கடந்துபோகக்கூடிய ஓர் உருவம். இதுவா? இதுதானா? கண்ணாடியில் நான் இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு முன்னால் எப்போதும் மூச்சைப் பிடித்திருந்தேன். "அப்படியே நீங்கதான்" என்று செண்பகா கைதட்டினாள். எழுந்தாள். டிராயரைத் திறந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் வலது கால் அங்கே இல்லாத மிதியைத் தேடியது.

மாட்டினாள். கைகள் இல்லாததால் எளிதில் ஏறிவிட்டது. முன்பக்கம் சேரவில்லை, நடுவே மூன்று விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. செண்பகா இழுத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இஞ்ச் டேப்பை வைத்து என்னமோ முணுமுணுத்தாள். "பஞ்சை ரொம்ப அடைச்சிட்டேன் போல சித்தி. அவசரம்." உருவத்தைக் கிடத்தி, அடி அட்டையைப் பெயர்த்து, கையை உள்ளேவிட்டாள். ஒரு பிடி பஞ்சு வந்தது. இன்னொரு பிடி. வயிறு அமுங்கியது. ஒரு ஹூக்கை மாட்டினாள். "பாத்தியளா, சரியாயிரும்." இன்னொரு பிடி. பஞ்சு பறந்து என் மடியில் விழுந்தது. மடியில் விழுந்தது என்னுடைய எந்தப் பகுதி? நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. பொய் சொல்லவேண்டியதுகூட இல்லை. உட்கார்ந்திருந்தால் போதும், இவளே தன் கையால் என்னைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து, தன் தாயின் அளவுக்குக் கொண்டுவந்துவிடுவாள். இரண்டாவது ஹூக். இடது தோளின் சரிவு மறைகிறது, யாரோ நிமிர்கிறார்கள். அக்கா, வருகிறாயா? ஒரு கணம், கடவுளே, நான் அதை விரும்பினேன். அவளைப் பார்க்க விரும்பினேன். மூன்றாவது ஹூக்குக்காக இவள் மீண்டும் கையை உள்ளேவிட்டாள், தோள்வரை, தன் கன்னம் அந்தச் சாம்பல் வயிற்றில் பதியும்படி.

"பஞ்ச எடுக்காதட்டி" என்றேன். "உருவம் சரியாத்தான் இருக்கு."

"பின்ன ஹூக்கு சேர மாட்டேங்கே?"

"அது என் ஜாக்கெட் இல்ல. உங்கம்மாவோடது."

கை உள்ளேயே நின்றது. பிறகு கையை எடுத்து, மாட்டிய இரண்டு ஹூக்குகளையும் கழற்றி, ஜாக்கெட்டை உருவி, உட்புறத்தை வெளியே திருப்பினாள். தையற்காரி வேறெப்படிப் பார்ப்பாள்? இடது பக்கத் தையலுக்கு அருகே பிரித்துவிட்ட பழைய கோடு, ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக. அதன்மேல் விரலை வைத்தாள். "இது?"

"நீ பால் குடிக்கையில இறுக்கமாப் போச்சு. அவளே பிரிச்சுவிட்டது. உனக்காக."

விரல் அந்தத் துளைகளின் மேல் மேலிருந்து கீழே போயிற்று. மீண்டும் கீழிருந்து மேலே.

"நான் கேட்டன்னைக்கு இது எங்க இருந்துச்சு?"

"டிராயர்ல."

"நீங்க?"

"மெஷினுக்கு முன்னால."

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். எழுந்துபோவாள் என்று காத்திருந்தேன். உள்ளுக்குள் ஒரு கதை வரும், அதைப் பிடித்துக்கொண்டு ஏதேனும் பேசிவிடலாம் என்றும் காத்திருந்தேன். குடம் வரவில்லை, எதுவும் வரவில்லை. அவள் ஜாக்கெட்டை நான்காக மடித்துத் தன் மடியில், தாவணி போடும் வயதுப் பெண்கள் பூ வாங்கி மடியில் கட்டிக்கொள்வதுபோல், சுடிதார் முனைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த பஞ்சை ஒன்றாகத் திரட்டினாள். என் மடியில் விழுந்ததையும் வந்து எடுத்துக்கொண்டாள். பிறகு அந்த உருவத்துக்குள் ஒவ்வொரு பிடியாகத் திரும்ப அடைக்கத் தொடங்கினாள். முஷ்டியால் குத்திக் குத்தி அடைத்தாள். அது கோபமா, வேறா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததாகச் சொன்னால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். ஒவ்வொரு குத்துக்கும் வயிறு கொஞ்சம் கொஞ்சமாக முன்வந்தது, இடது தோள் பழையபடி சரிந்தது. அட்டையை ஒட்டினாள். கம்பத்தில் நிறுத்தினாள். இஞ்ச் டேப்பை அதன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, எண்ணைப் படிக்கக் குனிந்தவள், முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"மூச்சப் புடிக்காதிய சித்தி."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் அப்போதுதான் அதை அறிந்தேன். விட்டேன்.